மரம் இல்லாத மரத்தடி

செம்மணல்விளை மகளிர் கல்லூரியில் அறுபது வருஷமாக நின்ற தூங்குமூஞ்சி மரத்தைக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் வெட்டிச் சாய்த்து, துண்டு போட்டு, லாரியில் ஏற்றி, சிதறிக் கிடந்த சுள்ளிகளையும் கூட்டி அள்ளிய பிறகு, மரத்தின் நிழல் மட்டும் போகாமல் அங்கேயே கிடந்தது என்பதை முதலில் கண்டவர் தாவரவியல் துறைத் தலைவி இல்லை, முதல்வர் இல்லை, வாசலில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனும் இல்லை. விடுமுறையிலும் மூடாத குழந்தைகள் காப்பகத்து ஆயா பாக்கியம்தான், அதுவும் காலையில் கொடியில் போட்ட குழந்தைத் துணிகள் மத்தியானம் மூன்று மணி ஆகியும் ஈரமாகவே இருந்ததால்.

“மரத்த வெட்டுனா துணி சீக்கிரம் காயும்னுல்லா சொன்னாவ,” என்று பாக்கியம் ஒரு துணியை எடுத்துப் பிழிந்து காட்டினாள். “பாருங்க மிஸ். எப்பவும் போலத்தான் இருக்கு.”

காட்டியது பெனிலாவிடம். பெனிலா இயற்பியல் துறையில் வருஷத்துக்கு வருஷம் காண்ட்ராக்டைப் புதுப்பித்துக்கொண்டு பாடம் எடுக்கிறவள், கப்பலில் வேலை பார்க்கும் ஒருவனின் மனைவி, எட்டு மாதக் குழந்தை ஹன்னாவின் தாய். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மரத்தை வெட்டலாம் என்று கையெழுத்துப் போட்டவள். அவள் பிழிந்த துணியைப் பார்த்தாள், துணிக்குக் கீழே செம்மண் தரையைப் பார்த்தாள், தரையில் பொடிப்பொடியாக அசையும் இலைகளின் நிழலைப் பார்த்தாள், பிறகு மேலே பார்த்தாள். மேலே ஒன்றும் இல்லை.

“ஆமாக்கா, காயல,” என்றாள்.

கையெழுத்து விஷயம் இப்படி நடந்தது. அந்த வருஷம் கல்லூரிக்குப் பசுமை வளாகத் தணிக்கை வருவதாக இருந்தது. தண்ணீரை எப்படிச் சேமிக்கிறீர்கள், குப்பையை எப்படிப் பிரிக்கிறீர்கள், விளக்கை யார் அணைக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டு நாற்பது பக்கத்துக்கு ஒரு படிவம் வந்திருந்தது. ஹாஸ்டல் சமையலறைக் கழிவிலிருந்து எரிவாயு, குளியலறைத் தண்ணீரில் வாழைத்தோட்டம், கேண்டீனில் பிளாஸ்டிக் டம்ளர் போய் எவர்சில்வர் என்று ஒவ்வொன்றாக முதல்வர் சிஸ்டர் ரொசாரியா செய்து முடித்துவிட்டார். மிச்சம் இருந்தது சூரிய மின்சாரம். ஆடிட்டோரியத்தின் மொட்டைமாடி காலியாகத்தான் கிடந்தது, ஆனால் அங்கே பேனல் வைத்தால் கீழே நிற்கிற யாருக்கும் தெரியாது. வாசலுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட வேண்டும் என்பது சிஸ்டரின் ஆசை. வாசலுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் தூங்குமூஞ்சி மரம் நின்றது. ஆக, வளாகம் பசுமையாவதற்கு ஒரு மரம் குறுக்கே நின்றது.

பச்சை மரத்தை வெட்ட மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும், அது வர ஆறு மாதம் ஆகும். உள்ளே கோறை விழுந்து பொந்தாகிவிட்ட மரம் என்றால் கல்லூரியின் சுற்றுச்சூழல் ஒருங்கிணைப்பாளர் ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுத்தால் போதும். ஒருங்கிணைப்பாளர் பெனிலா. இருக்கிறவர்களில் இளையவள் தலையில்தான் இப்படிப்பட்ட பொறுப்புகள் வந்து விழும். இடுப்பில் ஹன்னா அழுதுகொண்டிருக்க, வராந்தாவில் நின்றபடியே, அட்டெண்டர் நீட்டிய காகிதத்தில் ‘அடிமரம் உள்ளே கோறை விழுந்து அபாயகரமான நிலையில் உள்ளது’ என்ற வரிக்குக் கீழே அவள் கையெழுத்துப் போட்டாள். மரத்தைப் போய் ஒருமுறை தட்டிக்கூடப் பார்க்கவில்லை. மரம் அறுபட்டபோது உள்ளே கோறை இல்லை. கருப்பட்டி நிறத்தில், ஈரமாக, நடுவரைக்கும் கெட்டியாக இருந்தது.

மரம் அறுபட்ட அன்று ராத்திரி ஹன்னாவுக்குக் காய்ச்சல் வந்து கண் மேலே செருகி, கைகால் வெட்டி இழுத்தது. இரண்டு நிமிஷம்தான். டாக்டர், சின்னப் பிள்ளைகளுக்கு வருவதுதான், வளர வளரப் போய்விடும், உடம்பில் சூடு ஏறாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சாதாரணமாகச் சொன்னார். சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார். பெனிலாவுக்கு அந்த இரண்டு நிமிஷம் முடியவே இல்லை. அவள் குடியிருந்தது ஒரு வீட்டின் மொட்டைமாடியில் எழுப்பிய ஒற்றை அறை. பகலில் சுவரில் கை வைக்க முடியாது. குழந்தை பகலெல்லாம் குளிர்ச்சியாக இருக்கக்கூடிய ஒரே இடம் கல்லூரிக் காப்பகம். சிமெண்ட் ஷீட் போட்ட அந்த நீளக் கட்டடம் மரத்துக்குக் கிழக்கே இருந்ததால், வெயில் உச்சிக்கு ஏறியதிலிருந்து சாயும்வரை மரத்தின் நிழல் அதன் மேல் படுத்துக்கிடக்கும். அந்த நிழலைத்தான் அவள் தன் கையால் எழுதிக் கொடுத்துவிட்டாள். பிறகு நிழல் போகவில்லை என்று தெரிந்ததும், ஏன் போகவில்லை என்று கேட்கிற துணிச்சல் அவளுக்கு வரவில்லை. கேட்டால் போய்விடுமோ என்று இருந்தது.

மற்றவர்களுக்கு அந்தப் பயம் இல்லை. ஜனவரியில் கல்லூரி திறந்தது, பிள்ளைகள் வந்தார்கள், மரம் போய்விட்டதே என்று ஒரு நாள் முழுக்க வருத்தப்பட்டார்கள், வருத்தப்பட்டதும் மரத்தடியில் உட்கார்ந்துதான். மரத்தடி என்ற பேர்கூட மாறவில்லை. “மரத்தடிக்கு வாட்டி, டிபன் சாப்பிடுவோம்” என்றால் எங்கே என்று எவளும் கேட்கவில்லை. கூட்டுகிற அம்மாள் இலை விழாத அந்த இடத்தைத் தினமும் காலையில் கூட்டினாள், கேட்டதற்கு, “விழுதது நெழலுல தெரியுதுல்லா, பாத்துட்டு எப்பிடிச் சும்மா இருக்க?” என்றாள். மைனாக்கள் சாயங்காலம் வந்து, தரையில் விழுந்திருந்த கிளைகளின் நிழல் மேல் வரிசையாக உட்கார்ந்து, கிளை அசைந்தால் தாங்களும் கொஞ்சம் நகர்ந்து, இடத்துக்குச் சண்டை போட்டன. நிழலுக்குள் நின்று நிமிர்ந்து பார்த்தவர்களுக்கு வெறும் வானம்தான் தெரிந்தது, ஆனால் சூரியன் எண்ணெய்க் காகிதத்துக்குப் பின்னால் வைத்த விளக்குப் போலக் கண்ணைக் கூசவைக்காமல் இருந்தது. ஐந்தரை மணிக்கு மரம் இலையை மூடுகிற வழக்கப்படி நிழலும் மூடிக்கொண்டு, நடுவில் வெளிச்சம் வழிந்து, எலும்பும் நரம்புமாக ஆகிவிடும். தை மாதத்தில் ஒரு நாள் பதினொரு மணிக்கே நிழல் மூடிக்கொண்டதைப் பார்த்து ஹாஸ்டல் பிள்ளைகள் ஓடிப்போய்க் கொடித்துணிகளை எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் மழை வந்தது.

ஊருக்குள் செய்தி போனது. பங்குச்சாமி ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, தீர்த்தச் செம்போடு நிழலைச் சுற்றி நடந்து, சுற்றி முடிப்பதற்குள் வேர்வை அடங்கி, “பேயா இருந்தா சூடா இருக்கும் சிஸ்டர். இது நிழல்தான், இருந்துட்டுப் போகட்டும்” என்று சொல்லிவிட்டு ஒரு நாற்காலி கேட்டார். வெளியாட்கள் வந்து குவிய ஆரம்பித்ததும் சிஸ்டர் வாசலில் அடையாள அட்டை கேட்கச் சொன்னார். உள்ளே துறைகளுக்குள் சச்சரவு வந்தது. நிழல் காலையில் மேற்கே கிடந்து மத்தியானத்துக்கு மேல் கிழக்கே நகர்வதால், ஒன்பது மணி நிழல் தமிழ்த்துறைக்கு, பன்னிரண்டு மணி நிழல் எல்லாருக்கும், இரண்டு மணி நிழல் வணிகவியலுக்கு என்று ஒரு அட்டவணை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டியதாயிற்று. தாவரவியல் துறைத் தலைவி கோமதி மேடம் தன் மர எண்ணிக்கைப் பட்டியலிலிருந்து அந்த மரத்தை அடிக்கவே இல்லை.

“வெட்டியாச்சே மேடம்,” என்றாள் பெனிலா.

“வெட்டுனது எனக்குத் தெரியும் பெனி. நான்தான் பட்டம்மாள் மாதிரி கண்ணக் கசக்கிட்டு நின்னேன்.” பட்டம்மாள் அவருடைய மாமியார், எதற்கும் அழுகிறவர். “ஆனா இலையப் பாரு. நிழல்ல ஒரு ஓட்டை இல்ல, ஒரு பூச்சி அரிப்பு இல்ல. இவ்வளவு ஆரோக்கியமா இருக்கத எப்படி அடிக்கச் சொல்லுத?”

இப்படியாக எல்லோரும் பழகிவிட்டார்கள். பழகாதது பேனல்கள் மட்டும்தான்.

ஜனவரி கடைசியில் சோலார் கம்பெனிக்காரர்கள் வந்து, அடிக்கட்டையைச் சுற்றி மின்பெட்டிகளை வைத்து, அதைச் சுற்றிக் கம்பிவலை அடித்து, மண்டையோடு போட்ட அபாயப் பலகையைத் தொங்கவிட்டு, பூட்டி, வடக்கிலும் மேற்கிலுமாக நாற்பது பேனல்களை இரும்புக் கால்களில் நிறுத்தினார்கள். வாசலில் இருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் காலையில் கொஞ்சமும் சாயங்காலம் கொஞ்சமும் தவிர மீட்டர் அசையவில்லை. கம்பெனி இன்ஜினியர் மூன்று முறை வந்து ஒயர்களை மாற்றினார், நான்காம் முறை ஒயரை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார்.

“நிழல் விழுது சிஸ்டர்.”

“எதோட நிழல்?”

“அது எனக்குத் தேவையில்ல சிஸ்டர். நிழல்னா நிழல். பேனலுக்கு ஆகாது.”

சிஸ்டர் ரொசாரியா கெட்ட மனுஷி இல்லை. பரீட்சைக்கு முந்தின நாள் பசியோடு வருகிற பிள்ளைக்குத் தன் தட்டைத் தள்ளிவிடுகிறவர்தான். ஆனால் ஏப்ரல் நடுவில் தணிக்கைக் குழு வரும்போது நாற்பது பேனல்கள் சும்மா நிற்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கோமதி மேடத்தைக் கூப்பிட்டு, நிழல் எதில் நிற்கிறது என்று கேட்டார். கோமதி மேடம் பொய் சொல்லத் தெரியாதவர். வேர் இன்னும் உயிரோடு இருக்கிறது, வலைக்கு வெளியே தோண்டிப் பார்த்தேன், பாலாக ஈரம் இருக்கிறது, நிழல் அதில்தான் நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக அன்று முழுக்க வருத்தப்பட்டார். வேரைப் பிடுங்கினால் நிழல் போய்விடும். பிடுங்க ஒரு ஜேசிபி போதும். ஜேசிபியை உள்ளே விட, உயிருள்ள வேர் என்பதால், ஒருங்கிணைப்பாளரின் கையெழுத்து மறுபடி வேண்டும்.

இந்த முறை காகிதத்தை அட்டெண்டர் கொண்டுவரவில்லை. சிஸ்டர் கூப்பிட்டனுப்பி, எதிரில் உட்காரவைத்து, காகிதத்தைப் பெனிலா பக்கம் திருப்பி வைத்தார்.

“படிச்சுப் பாத்தே போடு,” என்றார். “போன தடவை நீ படிக்கலன்னு எனக்குத் தெரியும். நானும்தான் மரத்தப் போய்ப் பாக்கல.”

பெனிலா படித்தாள். வேர் அகற்றப்படுவதால் சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது. மார்ச் பிறந்து வெளியே வெயில் நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. காப்பகத்தின் சிமெண்ட் ஷீட்டை அவள் நினைத்தாள். அதன் கீழே வரிசையாகத் தொங்கும் ஒன்பது தூளிகளை, மூன்றாவதாகக் கிடக்கும் ஹன்னாவின் தூளியை நினைத்தாள்.

“சிஸ்டர், காப்பகத்துக்கு…”

“ஃபேன் இன்னும் ரெண்டு போட்டுத் தரேன். காண்ட்ராக்ட் லிஸ்ட் வேற இந்த மாசக் கடைசிக்குள்ள போகணும் பெனிலா. நான் மிரட்டலன்னு உனக்குத் தெரியும். நடக்குறதச் சொல்றேன்.”

அவள் வெள்ளிக்கிழமைவரை நேரம் கேட்டாள். கையெழுத்துப் போட்டால் நிழல் போய், ஷீட் கொதித்து, ஃபேன் அந்தக் கொதிப்பை எடுத்துக் குழந்தையின் மேலேயே வீசும். போடாவிட்டால் வேலை போகும். வேலை போனால் காப்பகமும் இல்லை, ஏனென்றால் அது வேலையில் இருக்கிறவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும். பிறகு பகலெல்லாம் அந்த மொட்டைமாடி அறைதான். எந்தப் பக்கம் போனாலும் அவள் போய் நிற்கிற இடம் அந்த இரண்டு நிமிஷமாகவே இருந்தது. அவள் கான்வென்டில் பன்னிரண்டு வருஷம் படித்தவள். சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடவும், வரிசையில் நிற்கவும், குரல் உயர்த்தாமல் இருக்கவும் நன்றாகக் கற்றிருந்தாள். இப்படி ஒரு காகிதத்தின் முன் என்ன செய்வது என்று அங்கே யாரும் சொல்லித்தரவில்லை.

வியாழக்கிழமை இரண்டாம் ஆண்டுக்குச் செய்முறை வகுப்பு. அந்தக் கல்லூரியில் இயற்பியல் பிள்ளைகள் வருஷாவருஷம் ஒரு செய்முறை செய்வார்கள்: ஒரு மீட்டர் குச்சியை வெயிலில் நட்டு அதன் நிழலை அளந்து, அதே நேரத்தில் தூங்குமூஞ்சி மரத்தின் நிழலையும் அளந்து, குச்சிக்கு இவ்வளவு நிழல் என்றால் மரத்துக்கு எவ்வளவு உயரம் என்று கணக்குப் போடுவார்கள். ரெக்கார்டு நோட்டில் எட்டாவது செய்முறை அது. இந்த வருஷம் அதை விட்டுவிடலாம் என்று பெனிலா நினைத்திருந்தாள். ஆனால் யாரும் சொல்லாமலே பிள்ளைகள் குச்சியும் டேப்புமாக மரத்தடிக்குப் போய்விட்டிருந்தார்கள். இருபத்தைந்து பிள்ளைகள் நிழலின் நுனிக்குப் போய்க் கூழாங்கல் வைத்து, அங்கிருந்து கம்பிவலைவரை அளந்து, வலையிலிருந்து அடிக்கட்டையின் நடுவுக்கு உள்ள தூரத்தைக் கூட்டி, குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

“மேம், அறுபத்தோரு அடி வருது,” என்றாள் சுகன்யா என்ற பெண், நோட்டை நீட்டி.

“போன வருஷ ரெக்கார்டுல?”

“அறுபது மேம். எங்க அக்கா நோட்டு எங்கிட்டதான் இருக்கு. அவளப் பாத்துக் காப்பியடிக்கலாம்னுதான் கொண்டுவந்தேன். ஒத்து வரல.”

“சரியா அளந்தியா?”

“நாலு குரூப்பும் அளந்தாச்சு மேம். எல்லாருக்கும் அறுபத்தொண்ணுதான்.” பிறகு அவளே கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்: “வளந்துருக்கு போல.”

பெனிலா நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தடுக்கிற பொருள் இல்லாமல் நிழல் விழாது என்று தானே கரும்பலகையில் எழுதி, அடிக்கோடு போட்டு, இரண்டு மார்க் கேள்வியாகவும் கேட்டிருக்கிறாள். இத்தனை நாள் நிழல் எப்படி நிற்கிறது என்று கேட்கப் பயந்தவளுக்கு, அன்றுதான் முதல்முறையாக வேறு ஒரு கேள்வி வந்தது: நிழல் வளர்ந்திருக்கிறது என்றால், வளர்ந்தது எது? அந்தக் கேள்வியில் பயத்தைவிட ஆவல் கூடுதலாக இருந்தது. அவள் நிழலின் ஓரத்தில் ஒரு காலை உள்ளே ஒரு காலை வெளியே வைத்து நின்று பார்த்தாள். வெளியே வைத்த கால் சுட்டது.

வெள்ளிக்கிழமை அவள் சிஸ்டர் அறைக்குப் போய், கொடுத்த காகிதத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி வைத்து, அதன் மேல் தன் கையால் எழுதிய இன்னொரு காகிதத்தை வைத்தாள். அது வனத்துறைக்கு. கல்லூரி வளாகத்தில் உள்ள தூங்குமூஞ்சி மரம் ஒன்று நலமாக உள்ளது, சென்ற வருஷத்தைவிட ஓரடி வளர்ந்துள்ளது, உயரம் அறுபத்தோரு அடி, முன்பு அளித்த சான்றிதழ் மரத்தைப் பார்க்காமல் எழுதப்பட்டது, அதற்கு நானே பொறுப்பு, மரத்தைப் பதிவு செய்து எண் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தது. சுற்றளவு என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

சிஸ்டர் இரண்டு முறை படித்தார்.

“பதிவான மரத்த யாரும் தொட முடியாது, வேரக்கூட.”

“ஆமா சிஸ்டர்.”

“வனவர் நேர்ல வந்து பாப்பார். மரம் இருக்குன்னு அவர் எழுதினா, நாற்பது பேனலயும் ஆடிட்டோரியம் மேல ஏத்திடுறேன். யாருக்கும் தெரியலன்னாலும் பரவாயில்ல. இல்லன்னு எழுதினா மறுநாளே ஜேசிபி வரும். ரெண்டு தடவை பொய்ச் சான்றிதழ் எழுதினவளுக்கு நான் காண்ட்ராக்ட் கொடுக்க முடியாது. புரியுதா?”

“புரியுது சிஸ்டர்.”

சிஸ்டர் கல்லூரி முத்திரையை எடுத்து மையில் ஒற்றி, காகிதத்தின் மேல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்.

“சுத்தளவு ஏன் எழுதல?”

“நிழல வச்சு உயரம்தான் கண்டுபிடிக்க முடியும் சிஸ்டர். அடிமரம் எவ்வளவு தடிமன்னு எனக்குத் தெரியல. தெரியாதத எழுதக் கூடாதுன்னு விட்டுட்டேன்.”

முத்திரை விழுந்தது.

பதினொரு நாள் கழித்து வனவர் இசக்கிமுத்து பைக்கில் வந்தார். ஐம்பது வயதுக்காரர், காக்கிச் சட்டையில் முதுகு முழுக்க உப்புப் பூத்திருந்தது, காலையிலிருந்து அது நாலாவது ஊர். மணி பன்னிரண்டரை. நிழல் வட்டமாக அடியில் கிடந்தது. தமிழ்த்துறை, வணிகவியல், அட்டவணையில் பேர் இருந்தவர்கள் இல்லாதவர்கள் எல்லோரும் வராந்தாவில் நின்றார்கள். பாக்கியம் ஹன்னாவை இடுப்பில் வைத்துக்கொண்டு காப்பக வாசலில் நின்றாள். குழந்தை தூங்கி எழுந்த முகத்தோடு விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. வனவர் பைக்கை நிழலுக்குள் நிறுத்தி, தொப்பியைக் கழற்றி, தலையைத் துடைத்தார்.

“நல்ல நெழலு,” என்றார். பிறகு ஃபைலைத் திறந்து, “மரம் எங்க மேடம்?” என்று கேட்டார்.

பெனிலா அவர் பக்கத்தில் வந்து நின்றாள். “இதுதான் சார்,” என்று தரையைக் காட்டினாள்.

இசக்கிமுத்து தரையைப் பார்த்தார். ஒரு பக்கமிருந்து மறுபக்கம்வரை நடந்து பார்த்தார். மேலே பார்த்தார், கையைக் கண்ணுக்கு மேல் வைக்கப் போய்த் தேவையில்லை என்று இறக்கிக்கொண்டார். முப்பது வருஷ உத்தியோகத்தில் அவர் காகிதத்தில் மட்டும் இருந்து தரையில் இல்லாத மரங்களை ஆயிரக்கணக்கில் பார்த்திருந்தார். அதனால்தானோ என்னவோ அவர் அவசரப்படவில்லை.

“நாங்க பாக்குறது மூணு மேடம். இனம், ஒசரம், சுத்தளவு. இனம், இலையிலயே தெரியுது, தூங்குமூஞ்சி. ஒசரம் நீங்க போட்டது சரியாத்தான் இருக்கும், கணக்கு வச்சிருக்கீங்க. சுத்தளவ மட்டும் காலியா விட்டுட்டீங்களே.”

“நிழல்ல அளக்க முடியல சார்.”

“நெழல்ல யாரு அளப்பா. மரத்துலதான் அளக்கணும்.” அவர் வாட்ச்மேனைப் பார்த்தார். “அந்த வலையத் தொறங்க.”

மின்சாரத்தை நிறுத்திவிட்டு வாட்ச்மேன் பூட்டைத் திறந்தார். அபாயப் பலகை ஆடியது. தரையோடு தரையாக அடிக்கட்டை, அறுத்த அன்று இருந்த அதே கருப்பட்டி நிறத்தில், சுற்றிலும் விரல் நீளத்துக்குத் துளிர் விட்டிருந்தது. வனவர் இடுப்புப் பையிலிருந்து டேப்பை எடுத்து, முனையை இழுத்துப் பெனிலா கையில் கொடுத்தார்.

“நெஞ்சு உயரத்துல பிடிங்க. ஆமா, அங்கதான். அசையாதீங்க.”

அவள் அடிக்கட்டையின் ஓரத்தில் நின்று, நெஞ்சுக்கு நேரே, ஒன்றுமில்லாத இடத்தில் டேப்பின் முனையைப் பிடித்தாள். வனவர் டேப்பை அவிழ்த்துக்கொண்டே இடப்பக்கமாக நடக்க ஆரம்பித்தார், பக்கவாட்டில், ஒரு கையை நீட்டி, பழகிய ஆள் நடக்கிற மாதிரி. இதோ இப்போது தொய்ந்துவிடும் என்று பெனிலா நினைத்தாள். நேராகக் குறுக்கே வந்து, நடுவில் தொங்கி, தரையில் படும். அவர் ஃபைலில் ஒரு கோடு இழுப்பார். பாக்கியம் அக்கா தூளியை அவிழ்த்துச் சுருட்டிக் கையில் கொடுப்பாள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

டேப் இழுபட்டது.

“இறுக்கிப் பிடிங்க மேடம், நழுவுது.”

கண்ணைத் திறந்தாள். டேப் அவள் விரலிலிருந்து புறப்பட்டு, வளைந்து, வளைவு குறையாமல் போய், தூரத்து விளிம்பில் திரும்பி மறைந்திருந்தது. அங்கங்கே மேடு பள்ளத்தில் ஏறி இறங்குகிற மாதிரி சுருக்கம் விழுந்திருந்தது. மறைவிலிருந்து, ஆள் தெரியாமல், வனவரின் குரல் மட்டும் வந்தது: “இங்க ஒரு முண்டு இருக்கு, அத விட்டு அளக்கணும்.” பிறகு வலப்பக்கத்திலிருந்து அவரே வந்தார், கொஞ்சம் மூச்சு வாங்கியபடி. அவளுடைய முனையோடு தன் கையிலிருந்ததைப் பொருத்தினார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எண்ணைப் பார்த்தார்.

“பதினாலு அடி மூணு அங்குலம். அறுபது வருஷத்துக்குக் கொஞ்சம் கம்மிதான். இந்தத் தேரிச் செம்மணல்ல இவ்வளவு வந்ததே பெருசு.” காலியாக இருந்த இடத்தில் எழுதினார், கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார். வராந்தாப் பக்கம் திரும்பி, “சிஸ்டர், நம்பர் தகடு அடுத்த வாரம் வரும். ஆணி அடிச்சிராதீங்க. கயித்துல கட்டித் தொங்க விடுங்க.”

“சரி சார்,” என்றார் சிஸ்டர் ரொசாரியா. பக்கத்தில் நின்ற அட்டெண்டரிடம், கம்பெனிக்காரருக்கு ஃபோன் போட்டு ஆடிட்டோரியத்து ஏணிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரிக்கச் சொன்னார். கோமதி மேடம் மூக்கை உறிஞ்சினார். பிள்ளைகள் வராந்தாவிலிருந்து இறங்கித் தங்கள் தங்கள் இடத்துக்கு நிழலுக்குள் வந்து, டிபன் பாக்ஸைத் திறந்தார்கள்.

வனவர் டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தார். ஒரு செவ்வெறும்பு அதில் ஏறி வந்தது, ஊதித் தள்ளினார். மறுபடி இழுத்தார். டேப் வரவில்லை.

“மேடம்,” என்றார்.

பெனிலா முனையைப் பிடித்தபடியே நின்றாள். அவள் விரல்கள் வெளுத்திருந்தன, புறங்கை எதன் மேலோ சாய்ந்திருந்தது, அதில் சொரசொரப்பான தடம் பதிந்திருந்தது.

“மேடம், அளந்தாச்சு.”

பாக்கியம் குழந்தையோடு வலைக்குள் வந்து அவள் பக்கத்தில் நின்றாள். “விடுங்க மிஸ்,” என்றாள், மெதுவாக. “பாவம், அவரு அடுத்த ஊருக்குப் போவணும்லா.”